வாய்க்குப் பொருந்திய சொல்

வெள்ளவத்தை,
14-03-2006

அன்புள்ள தம்பி சிவபாதசுந்தரத்துக்கு,

இங்கே நான் சுகம். முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீயும் மச்சாளும் மகள் கௌரியும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் கதைத்தால் மூன்று பேர் ஒட்டுக்கேட்கிறார்கள், கடிதத்தை ஆமிக்காரனும் இயக்கக்காரனும் இரண்டு பேர்தான் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் கடிதமே மேல். பிரிக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. புதுக்கடைக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் நின்று அரை ஆயுசு கள்ளனுக்கும் கொலைகாரனுக்கும் மொழிபெயர்த்தவள் இப்போது கார்ட்டூனுக்கு மொழிபெயர்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் பீற்றர் என்பவர் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறார். கீழே கருவாட்டுக்கடை, மேலே நாங்கள். ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துத் தொலைக்காட்சிக்கு விற்கிறார். சிங்கப்பூரிலிருந்து ஆங்கில வசனம் வரும், நான் தமிழாக்குவேன்.

படம் சகிக்கவில்லை, தம்பி. ஹிகுமாசா என்று ஒரு வில்லன். ஊருக்கு ஊர் போய் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படையில் சேர்க்கிறான். தான் கொன்றவனின் மண்டையோட்டுக்குத் தங்கம் பூசி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். அந்தக் காட்சியை உதட்டசைவுக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழே இருந்து கருவாட்டு நாற்றம் வேறு. இதைப் பார்க்கத்தான் சின்னப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரப் போகிறார்களாம்.

இவன் முழுக்கக் கற்பனையும் இல்லை. நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். நானூறு வருடத்துக்கு முன் இருந்த ஒடா நொபுனாகா என்ற ஜப்பானியச் சிற்றரசனைப் பார்த்துத்தான் இந்த வில்லனைச் செய்திருக்கிறார்கள். மலைமேலிருந்த மடத்தைத் துறவிகளோடு கொளுத்தியவன். மண்டையோட்டுக்கு முலாம் பூசியதும் சரித்திரமாம். பிள்ளை பிடிப்பது மட்டும் கார்ட்டூன்காரன் போட்ட மசாலா.

ஒரு தலையிடி தீர்ந்தது. படத்தில் அவனுடைய ஆட்கள் அவனைக் கூப்பிடும்போது வாய் நாலு தரம் திறக்கிறது, ஒரு தரமும் உதடு ஒட்டாது. 'பிரபு' என்றால் ஒட்டும். 'எசமானே' என்றால் நடுவில் ஒட்டும். கடைசியில் 'தலைவரே' என்று போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல வாய்க்குப் பொருந்திவிட்டது. பீற்றர் சந்தோசத்தில் எனக்கு மீன் வைத்த மாலுபாண் வாங்கித் தந்தார்.

வன்னியை விட்டு வெளியே வர கௌரிக்குக் கேட்ட பாஸ் என்னவாயிற்று? கணக்கியல் வகுப்புக்கு இடம் சொல்லிவிட்டேன். என் அறையில் இரண்டாவது கட்டிலும் போட்டாயிற்று. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இயக்கம் வெளியே விடுவதில்லை என்று இங்கே கதைக்கிறார்கள். அலுவலகத்தில் கண்ட கண்ட ஆளைப் பிடிக்காமல் பெரிய ஆளாகப் பார்த்துக் கேள்.

மச்சாளின் சளிக்கு ஆடாதோடை அவித்துக் கொடு.

உன் அக்கா,
கனகேஸ்வரி

*

கிளிநொச்சி,
02-04-2006

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்காலும் சுகமடைய வேண்டுகிறோம். எங்கள் மிருக வைத்திய அலுவலகத்தில் அதற்கு நல்ல எண்ணெய் இருக்கிறது, மாட்டுக்குப் பூசுவது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

உங்கள் கார்ட்டூன் கதையை உங்கள் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தச் சொல்லை மச்சாள் ஏன் போட்டவா?" என்று கேட்டாள். வாய்க்குப் பொருந்துகிறதாம் என்றேன். "ஆரின்ர வாய்க்கு?" என்றாள். இங்கே தலைவர் என்றால் இயக்கத்தின் தலைவர் ஒருவர்தானே. அவளுக்கு எல்லாவற்றிலும் பயம்தான்.

பாஸுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். இயக்க அலுவலகப் பொறுப்பாளர் மரியாதையாகத்தான் கதைத்தார். படிக்கப் போகிற பிள்ளையை மறிக்க மாட்டோம், வருடப்பிறப்புக் கழிய வாருங்கள் என்றார். பெரிய ஆள்தான், அவருக்கு மேசையும் மின்விசிறியும் இருக்கின்றன.

இங்கே வெயில் கொளுத்துகிறது. வருடப்பிறப்புக்கு உங்களுக்குப் பயித்தம் பணியாரம் அனுப்ப மச்சாள் ஆயத்தம். வழியில் எத்தனை பேர் ருசி பார்ப்பார்களோ தெரியாது.

அன்புத் தம்பி,
சிவபாதம்

மாமி, என்ர கட்டிலை யன்னல் பக்கம் போடுங்கோ. நீங்கள் குறட்டை விடுவீங்களெண்டு அப்பா சொன்னவர். — கௌரி

*

வெள்ளவத்தை,
20-04-2006

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். எல்லோரும் நலம்தானே? பணியாரம் வந்தது. பாதி உடைந்திருந்தது, பாதி திருடப்பட்டிருந்தது. மிச்சம் நல்ல ருசி.

கார்ட்டூன் ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது. முதல் கிழமை ஒன்றும் இல்லை. இரண்டாம் கிழமை வீட்டுக்காரி சிவக்கொழுந்து என் அறைக்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து கட்டிலில் இருந்தாள்.

"கனகேஸ், உமக்கென்ன விசரே? பிள்ளை பிடிக்கிறவனைத் தலைவரெண்டு கூப்பிட வைச்சிருக்கிறீர். பேரப்பிள்ளையளோட இருந்து பாத்தனான். எழும்பி யன்னலெல்லாம் சாத்திப்போட்டன்."

"அது ஜப்பான்காரன் அக்கா, செத்து நானூறு வருசம்" என்றேன்.

"ஓமோம், ஜப்பான்காரன்" என்று கண்ணைச் சிமிட்டினாள். "ஆனால் நல்லா எழுதியிருக்கிறீர். ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்" என்று குரலைத் தாழ்த்தி என் கையைப் பிடித்து அமத்தினாள். பயப்படுகிறாளா, பாராட்டுகிறாளா என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கையைப் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக்கூடத்துக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. பேர் சொல்லாத ஒருவர், "தலைமையை நக்கலடிக்க எவ்வளவு வாங்கினீங்கள்?" என்றாராம். இன்னொருவர் தொலைக்காட்சிக்கே எடுத்து, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயங்கரவாதியைத் தலைவர் என்று படிப்பிக்கிறார்கள் என்று சிங்களத்தில் முறைப்பாடு செய்திருக்கிறார். ஒரே சொல் ஒருவனுக்கு ஏச்சு, மற்றவனுக்குப் புகழ்ச்சி. இரண்டு பேரும் ஜப்பானை நம்பவில்லை.

மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை விட இது மோசம்.

நீ ஒன்றுக்கும் யோசியாதே. இங்கே எரிகிற அடுப்பின் புகை அங்கே வராது. சித்திரை பிறந்துவிட்டது, பாஸுக்குப் போனாயா?

அக்கா

*

கிளிநொச்சி,
05-05-2006

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கொழும்பில் குண்டு வெடித்தது என்று கேள்விப்பட்டோம். வெளியே திரியாதீர்கள்.

கார்ட்டூன் பற்றி இங்கேயும் கதை வந்திருக்கிறது. படத்தை இங்கு ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னாராம். அந்த வில்லனை அவனுடைய தளபதி ஒருவனே காட்டிக்கொடுக்கிறான் என்பது உண்மையா? நீங்கள் எழுதினதா, படத்திலேயே இருக்கிறதா? தெளிவாக எழுதுங்கள்.

பாஸ் விசயம் நடக்கிறது.

தம்பி,
சிவபாதம்

*

வெள்ளவத்தை,
16-05-2006

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? உன் கடிதம் தந்திபோல இருந்தது. மச்சாள் சுகமா என்று கேட்டால் பதில் இல்லை. கௌரி ஏன் கடைசியில் வால் எழுதவில்லை? என்னோடு கோபமா, படிப்பா?

நீ கேட்டதற்குத் தெளிவாக எழுதுகிறேன், பிரித்துப் படிக்கிற பிள்ளைகளும் தெளிவாகப் படிக்கட்டும். தளபதி காட்டிக்கொடுத்தது நான் எழுதினது இல்லை. கார்ட்டூன்காரன் எழுதினதும் இல்லை. 1582ஆம் ஆண்டு நடந்தது. நொபுனாகா ஒரு கோயிலில் தங்கியிருந்தபோது அவனுடைய சொந்தத் தளபதியே படையைத் திருப்பிக்கொண்டு வந்து வளைத்தான். கலைக்களஞ்சியப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படமும் இருக்கிறது, குடுமியைப் பார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கிழக்கில் ஒரு தளபதி பிரிந்து போனதுபோல இருக்கிறது என்றால் அதற்கு நானும் பொறுப்பில்லை, ஜப்பானும் பொறுப்பில்லை. பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துக் கொப்பி அடித்தால் நான் என்ன செய்ய?

வாய் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லை மாற்றப் போனோம், அது அடுத்த கூத்து. 'தளபதி' என்றால் பழையபடி வம்பு. 'அண்ணை' என்றாலும் அதே ஆள்தான், வாயெடுக்கவே பீற்றர் கும்பிட்டார். 'மாத்தயா' என்றால் சிங்களவருக்கு ஐயா, எங்களுக்கு இயக்கத்தில் இல்லாமல் போன ஒரு துணைத்தலைவரின் ஞாபகம். 'அதிபர்' என்றால் அரசாங்கம் கோபிக்கும். இந்த நாட்டில் அதிகாரத்தைக் குறிக்கிற ஒரு தமிழ்ச் சொல்லாவது சும்மா கிடக்கிறதா என்று பார்த்தால் இல்லை, எல்லாவற்றிலும் ஆள் ஏறி இருக்கிறான்.

வில்லனுக்குக் குரல் கொடுப்பவர் அழகர், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், தெமட்டகொடையில் இருக்கிறார். "தொரைன்னு போட்டுருங்கம்மா. எங்க பக்கத்துல பிள்ளைகள பயங்காட்டுறதே அவர சொல்லித்தான்" என்றார். நல்ல யோசனை என்று ஒரு பகுதியைப் பதிந்தும் விட்டோம். அடுத்த நாள் பீற்றர் முகம் கறுத்து வந்தார். "மிஸ், ப்ரோகிராமுக்கு ஸ்பொன்சர் யாரு தெரியுமா? தேயிலைக் கொம்பனி" என்றார். அதுவும் போயிற்று.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, சிரிப்பு வரவில்லை. எல்லாமே அருவருப்பாக இருக்கிறது. ஒரு படுபாவியைக் காட்டினால் உடனே 'என்னைத்தான் சொல்கிறாய்' என்று இரண்டு பக்கமும் கை தூக்குகிறார்களே, அதைப் போல ஒரு வாக்குமூலத்தை நான் கோட்டில்கூடக் கேட்டதில்லை. இந்த வரியை வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

கௌரியை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா

*

கிளிநொச்சி,
12-06-2006

மதிப்புக்குரிய சகோதரி கனகேஸ்வரி அவர்களுக்கு,

நாங்கள் நலம். தங்கள் நலமும் அவ்வாறே அமைய விழைகின்றோம்.

தாங்கள் தமிழாக்கம் செய்த தொலைக்காட்சித் தொடரில், எம் மக்கள் உயிரினும் மேலாக மதிக்கும் தலைமையை இழிவுபடுத்தும் வகையில் ஒரு சொல் கையாளப்பட்டமை இங்குள்ள அனைவரின் உள்ளங்களையும் ஆழமாகப் புண்படுத்தியுள்ளது. எமது குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இதனைச் செய்தமை எமக்கு வெட்கத்தை ஏற்படுத்தியுள்ளது. தாங்கள் அனுப்பிய வெளிநாட்டு வரலாற்றுப் பக்கம் கவனத்திற் கொள்ளப்பட்டது. எனினும் அது ஏற்புடைய விளக்கமாக அமையவில்லை.

எனவே, அச்சொல்லாடல் தவறானது என்றும், தலைமைமீது தாங்கள் மதிப்புடையவர் என்றும் கொழும்புத் தமிழ் நாளேடொன்றில் தங்கள் பெயருடன் விளக்கம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். அவ்வாறு வெளியிடப்படும் பட்சத்தில் மகள் கௌரியின் பயண அனுமதி பரிசீலிக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது.

நன்றி.

இங்ஙனம்,
சி. சிவபாதசுந்தரம்

*

வெள்ளவத்தை,
20-06-2006

தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை, உண்மையாகக் கேட்கிறேன்.

கையெழுத்து உன்னுடையது. தமிழ் உன்னுடையது இல்லை. 'விழைகின்றோம்' என்று நீ உன் வாழ்நாளில் எழுதியிருக்க மாட்டாய். காலமெல்லாம் வாக்குமூலம் வாசித்தவளுக்கு, யார் சொல்ல யார் எழுதினான் என்று தெரியாதா? என்னைச் 'சகோதரி' என்று எழுத வைத்தார்களே, அந்த ஒரு சொல்லை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

அவர்கள் கேட்பது என்ன என்று உனக்கு விளங்குகிறதா? குண்டு வெடித்த நாளிலிருந்து இங்கே வீடு வீடாகச் சோதனை. வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவு இல்லாமல் பூனைகூட இரவு தங்க ஏலாது. இந்த நேரத்தில் 'எனக்குத் தலைமைமீது மதிப்பு உண்டு' என்று பேர் விலாசத்தோடு பேப்பரில் போடு என்கிறார்கள். போடாவிட்டால் உன் வீட்டில் கரைச்சல். போட்டால் என் வீட்டில். சரியான நீதி.

பீற்றரிடம் சொன்னேன். "மிஸ், ப்ளீஸ், ஸ்டூடியோ பேர மட்டும் போடாதீங்க" என்றார். சிவக்கொழுந்து அக்காவிடம் சொன்னேன், முதல் மாதிரியே கையைப் பிடித்தாள். இந்த முறை அமத்தவில்லை.

ஆனாலும் எழுதிவிட்டேன். அது மூன்று வரிதான். 'அச்சொல் உதட்டசைவு கருதிப் போடப்பட்டது. எவரையும் குறிப்பதன்று. தமிழ் மக்கள் மதிக்கும் தலைமையை அவமதிக்கும் நோக்கம் எனக்கில்லை.' மூன்றாம் வரியை எழுதிப்போட்டு எழும்பிப் போய் வாய் கொப்பளித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும். வெட்டி அனுப்புகிறேன், அந்தப் பொறுப்பாளரின் மேசையில் மின்விசிறிக்குப் பறக்காமல் பாரம் வைத்துக் கொடு.

பிள்ளையை அனுப்பிவிடு. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அக்கா

*

வெள்ளவத்தை,
09-07-2006

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எப்படி நலம் என்று பிறகு சொல்கிறேன். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பேப்பர் வெட்டு கிடைத்ததா?

விளக்கம் வந்து நாலாம் நாள் பொலிசார் வந்தார்கள். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், ஏறினேன். மேசைக்கு முன்னால் இருக்க வைத்துப் பேப்பரைக் காட்டி, "மே நாயக்கதுமா கவ்த?" என்று கேட்டார் ஒரு பொறுப்பதிகாரி. இந்தத் தலைவர் யார் என்று கேட்கிறார். ஜப்பானில் தொடங்கி முழுக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். "அப்ப ஜப்பான்காரனை மதிக்கிறன் எண்டு ஏன் பேப்பர்ல போட்டது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். கேள்வி சரியான கேள்வி. உங்கள் கதையைச் சொன்னால் அது இன்னும் பெரிய வழக்கு. வயது போனதில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொன்னேன். அதை மட்டும் சந்தோசமாக எழுதிக்கொண்டார்கள்.

என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். அதில் பிழை இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை, திருத்தினேன். அதற்காக இன்னும் ஒரு இரவு வைத்திருந்தார்கள். அங்கிருந்த கழிவறையைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிடுகிற நேரத்தில் வாசிப்பாய்.

அழகர்தான் சோற்றுப் பார்சலோடு வந்து வாசலில் நின்றார். அவருடைய அடையாள அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, நீ யார், இந்த மனுசிக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தாங்க அந்தக் கெட்டவன்" என்றாராம். வெளியே விட்டபோது சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று முதல் முறையாக அழுகை வந்தது.

வேலை போய்விட்டது. "மிஸ், கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க" என்று பீற்றர் சொன்னார். வில்லனுக்கு இப்போது பட்டமே இல்லை. சத்தத்தை வெட்டிவிட்டார்கள். ஆட்கள் முழங்காலில் விழுந்து வாயை நாலு தரம் திறக்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. அழகர் சொல்கிறார், இப்போதுதான் பிள்ளைகள் இன்னும் பயப்படுகிறார்களாம். சிவக்கொழுந்து அக்கா மாத முடிவில் அறையை விடச் சொல்லிவிட்டாள். தன் மகன் கனடாவிலிருந்து வருகிறானாம். அவன் போன வருடம்தான் வந்து போனான்.

இதெல்லாம் போகட்டும். கௌரியின் பாஸ் வந்ததா? வந்தால் அவளோடு சேர்த்துத்தான் புது அறை பார்க்க வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன்.

அக்கா

*

கிளிநொச்சி,
23-07-2006

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு திரும்பியது கடவுள் செயல். அந்த அழகருக்கு நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. எங்கள் மிருக வைத்தியர் கொழும்புக்கு வருகிறார், அவருடைய கையில் கொடுக்கிறேன். அதனால் இதை நான் நானாக எழுதுகிறேன்.

கௌரியை ஏப்ரல் கடைசியிலேயே இயக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பாஸ் கேட்டு அலுவலகத்துக்குப் போன அன்று பின்னேரம். ரியூசன் முடிந்து வந்துகொண்டிருந்த பிள்ளை, சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. உங்களுக்கு நான் அந்தத் தந்தி மாதிரிக் கடிதத்தை எழுதியபோது அவள் வீட்டில் இல்லை. மச்சாள் அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோற்றுக் கோப்பை போடுகிறாள், எடுத்துக் கழுவுகிறாள், அவ்வளவுதான்.

உங்களுடைய சொல்லால்தான் கொண்டுபோனார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் கொண்டுபோயிருப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டில் எடுத்துவிட்டார்கள், அவர்கள் ஒருவரும் கார்ட்டூன் எழுதவில்லை.

ஆனால் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்கட அக்கா பேப்பரில ஒரு விளக்கம் போட்டா பிள்ளையின்ர விசயத்தைப் பாக்கலாம்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விடுதலை என்று எழுத விடவில்லை, பயண அனுமதி என்று எழுது என்றார். நானும் மறுக்கவில்லை. பிள்ளை ஏற்கனவே போய்விட்டாள் என்று தெரிந்தால், இனி என்ன பிரயோசனம் என்று நீங்கள் போடாமல் விடுவீர்களோ என்று பயந்தேன். உங்களைப் பொலிஸ் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

பேப்பர் வெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துத் திருப்தி என்றார். மேசை லாச்சியைத் திறந்து பாஸ் ஒன்றை எடுத்துத் தந்தார். என் பேரில். "உங்களுக்கு வயசு போட்டுது ஐயா, நீங்கள் எங்கையும் போய் வரலாம்" என்றார். பிள்ளைக்கு என்று கேட்டேன். "அவவுக்கு இனிப் பாஸ் தேவையில்லை. அவதான் இப்ப மற்றாக்களின்ர பாசைப் பாக்கிறா" என்றார். பகிடி விடவில்லை, அக்கா. பெருமையாகத்தான் சொன்னார்.

அடுத்த நாள் புளியங்குளத்துக்குப் போனேன். அது வன்னியிலிருந்து வெளியே போகிறவர்களை இயக்கம் சோதிக்கிற இடம். கௌரி பெண்கள் பக்கத்து மேசையில் இருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறார்கள். மெலிந்துவிட்டாள். ஆண்கள் பக்கத்தில் சனம் கூடிவிட்டதால் என்னை அவளுடைய மேசைக்கு விட்டார்கள். பாஸை நீட்டினேன். வாசித்தாள், என்னுடைய பேரை முழுக்க வாசித்தாள். அவளுக்குப் பின்னால் துவக்கோடு ஒரு பெரிய பிள்ளை நின்றுகொண்டிருந்தது. முத்திரை குத்தித் தந்துவிட்டு, "போங்கோ ஐயா" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

நான் போகவில்லை. கொஞ்சத் தூரம் நடந்து, சுகமில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். அவள் இருக்கிற பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.

என்னை மன்னியுங்கள் என்று எழுத முகம் இல்லை.

உங்கள் தம்பி,
சிவபாதம்

*

தெமட்டகொடை,
06-08-2006

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மச்சாளைச் சாப்பிட வை. உன்னையும்.

உன் கடிதத்தை வைத்தியர் தந்த அன்றே வாசித்தேன். பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது. கண்டதெல்லாம் அருவருத்தது. பேப்பர், பொலிஸ், உன் பொறுப்பாளர், அவருடைய லாச்சி. உன்மேல் அருவருப்பு இல்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத முடியவில்லை. கொஞ்சம் உன்மேலும்தான்.

பொய் சொன்னதற்காக இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மூன்று வரியைப் போட்டிருப்பேன். போட மாட்டேன் என்று நீ நினைத்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை யார் என்று நினைத்தாய்?

போகட்டும், அது இனி நீயும் நானும் கிழடாகி இருந்து சண்டை பிடிக்க வேண்டிய விசயம்.

நான் வருகிறேன். அறையை விட்டாயிற்று, பெட்டியை அழகரின் வீட்டில் வைத்துவிட்டேன். "ரோட்டு நெலவரம் சரியில்லம்மா" என்றார். அவருடைய மனைவி பழனியம்மா வழிக்கு ரொட்டி சுட்டுத் தருகிறா. எதிர்வரும் வெள்ளிக்கிழமை, 11ஆம் திகதி, ஓமந்தை ஆமிச் சோதனையைத் தாண்டி உள்ளே வருவேன். உள்ளே வருகிற கிழவியை ஒருவரும் மறிப்பதில்லை. என்னைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம். நான் நேரே உன் வீட்டுக்கு வரவில்லை.

புளியங்குளத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வெளியே போகிறவர்களின் வரிசையில் நிற்பேன். பெண்கள் பக்கம். என் முறை வரும்போது பாஸ் கேட்பாள். என்னிடம் இல்லை. தள்ளி நில்லுங்கோ அம்மா என்பாள். நிற்க மாட்டேன். பின்னால் யார் நின்றாலும் சரி, எனக்குப் பின்னே எத்தனை பேர் கத்தினாலும் சரி, அவள் என்னை மாமி என்று கூப்பிடும்வரை அந்த மேசையை விட்டு அசைய மாட்டேன்.

உன் அக்கா,
கனகேஸ்வரி